பிரேக்கில் எரியும் பெட்ரோல்

மைலேஜ் குறைந்துவிட்டது என்றதும் பலரும் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். அவற்றுக்கும் இடம் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் ஊருக்குள் ஓடும் கார் அதிகப் பெட்ரோலை இழப்பது பிரேக் பெடலில்தான். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதில் ஏறக்குறைய 167 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் கால்பங்கு போலத்தான் சக்கரம்வரை வந்து சேரும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். ஆக, நின்ற இடத்திலிருந்து 60-ஐத் தொடுவதற்கு மட்டும் 20 மில்லிக்குச் சற்று மேல் பெட்ரோல் ஆகிறது. உடனே பிரேக் அடித்து நிறுத்தினால் அந்த 20 மில்லியும் பிரேக் டிஸ்கைச் சூடாக்கியதோடு முடிந்தது. 80-லிருந்து நிறுத்தினால் 37 மில்லி. 60-லிருந்து ஐம்பது முறை நிறுத்திக் கிளப்பினால் ஒரு லிட்டர் முழுதாகப் போய்விடும்.

அந்த ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். டீசலுக்கு 2.6 கிலோவுக்கு மேல். முக்கால் கிலோகூட எடையில்லாத ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. அந்த ஆக்சிஜனின் எடைதான் கூடுதலாக வருவது. இந்த வாயுவை வடிகட்டும் கருவி எதுவும் காரில் கிடையாது. சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேறு நச்சு வாயுக்களைத்தான் மாற்றுகிறது. எரிப்பதைக் குறைத்தால் மட்டுமே கார்பன் டை ஆக்சைடு குறையும். அதனால் பணத்தை மிச்சப்படுத்துவதும் புகையைக் குறைப்பதும் இங்கே ஒரே வேலை.

பெடலை விட வேண்டிய இடம்

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடைமுறையில் இதற்கு ஒரு முக்கியமான பொருள் உண்டு. அடுத்தடுத்து இரண்டு சிக்னல்கள் 400 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். நடுவில் 60 வரை ஏற்றி நிறுத்துவதற்குப் பதில் 45 வரை மட்டும் ஏற்றினால் வேகம் குறைவது கால்வாசி, வீணாகும் ஆற்றல் குறைவதோ 44 விழுக்காடு. அடுத்த சிக்னலில் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்த 60 உங்களை எங்கும் சீக்கிரம் கொண்டுசேர்க்கப் போவதில்லை.

முன்னால் சிவப்பு விளக்கோ வாகன நெரிசலோ தெரிந்த உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரை மாற்ற வேண்டாம், கிளட்ச்சை மிதிக்க வேண்டாம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இப்போது இன்ஜினைச் சுற்றுவது சக்கரம்தான். இதை உணர்ந்ததும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை முழுதாக மூடிவிடும். ஒரு சொட்டுகூட எரியாது. பெரும்பாலான இன்ஜின்களில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 1,200, 1,500 அளவுக்கு இறங்கும்வரை இது நீடிக்கும். அதன் பிறகு இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடியும் பெட்ரோல் விடத் தொடங்கும். சமதளச் சாலையில் 60-லிருந்து 30-க்கு வர, கியரிலேயே விட்டால், காரைப் பொறுத்து 150 மீட்டர் தூரம் கிடைக்கும். அந்த 150 மீட்டரை இலவசமாக ஓட்டுகிறீர்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் விளக்கு பச்சைக்கு மாறிவிட்டால், நிற்காமலே மூன்றாம் கியரில் கிளம்பிவிடலாம்.

இங்கேதான் நியூட்ரல் விவகாரம் வருகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை, இன்ஜெக்டருக்குப் பதில் காற்றின் உறிஞ்சலால் பெட்ரோலைக் கலந்த கார்புரேட்டர் காலத்தது. கார்புரேட்டரில் ஆர்பிஎம் கூடினால் பெட்ரோலை உறிஞ்சும், அதனால் அப்போது அதில் கொஞ்சம் பொருள் இருந்தது. இன்ஜெக்‌ஷன் காரில் நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள ஐட்லிங் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். கியரில் விட்டால் செலவு பூஜ்யம். செலவைவிடப் பெரிய விஷயம் ஆபத்து: நீண்ட மலை இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்தால், பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கத்தில் இன்ஜினையே அணைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பெடலை எளிதாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியைத் தவறாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இவ்வளவுக்கும் அடிப்படை, முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே விடும் இடைவெளி. மூன்று விநாடி இடைவெளி இருந்தால் அவர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் நீங்களும் அடிக்க வேண்டியதில்லை. காலை எடுத்தாலே போதும். முன் வண்டியின் பம்பரைப் பார்த்து ஓட்டாமல், அதற்கு முன்னால் நான்கைந்து வண்டிகள் தள்ளி எந்த பிரேக் விளக்கு எரிகிறது என்று பார்த்து ஓட்டுங்கள். இடைவெளியில் யாராவது நுழைவார்கள்தான். நுழையட்டும், மறுபடி காலைத் தளர்த்தி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளலாம். லாரியின் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறையும் என்பது இயற்பியலில் சரி. ஆனால் பலன் தெரியும் அளவுக்கு நெருங்கினால், லாரி பிரேக் அடிக்கும்போது உங்களுக்கு நிறுத்த நேரம் இருக்காது.

மெதுவாகக் கிளம்புவது பற்றிய தவறான பாடம்

‘ஆக்ஸிலேட்டரில் முட்டை இருப்பதுபோல் மிதி’ என்று ஓட்டுநர் பள்ளிகளில் சொல்வார்கள். பாதிதான் சரி. பெட்ரோல் இன்ஜின் மிகத் திறமையாக வேலை செய்வது குறைந்த ஆர்பிஎம்மில், ஓரளவு நல்ல சுமையில். ஆக்ஸிலேட்டரை மிகக் குறைவாக மிதித்தால், இன்ஜினுக்குக் காற்றை விடும் திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்தக் குறுகிய சந்தின் வழியாகக் காற்றை இழுக்கவே பிஸ்டன் தன் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவழிக்க வேண்டும். இரண்டாம் கியரில் 3,000 ஆர்பிஎம்மில் ஊர்ந்துபோவதைவிட, பெடலைப் பாதியளவு மிதித்து 2,000-ஐத் தாண்டியதும் அடுத்த கியருக்குப் போவது சிக்கனம்.

சாதாரணப் பெட்ரோல் காரில் 2,000 முதல் 2,500-க்குள், டீசலில் 1,500 முதல் 2,000-க்குள் மேல் கியருக்கு மாற்றிவிடலாம். மணிக்கு 50-ல் சமதளத்தில் ஓடும்போது நான்காம் கியரை இன்ஜின் தாங்குகிறதென்றால் மூன்றில் ஓட்டக் காரணமில்லை. இன்ஜின் அதிர்ந்தாலோ, கிணுகிணுவென்று நாக்கிங் சத்தம் வந்தாலோ அது தாங்கவில்லை என்று பொருள். உடனே ஒரு கியர் இறக்குங்கள். டர்போ உள்ள சிறிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1,300 ஆர்பிஎம்மில் ஐந்தாம் கியரில் வைத்துப் பெடலை முழுதாக அழுத்தினால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அது பிஸ்டனை உடைத்துவிடக்கூடிய கோளாறு. கொஞ்சம் பெட்ரோலை மிச்சம்பிடிக்கப் போய் இன்ஜினை இழக்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக்கில் நீங்கள் கேட்பதை பெடல் வழியாகத்தான் கியர்பாக்ஸ் புரிந்துகொள்கிறது. வேண்டிய வேகத்தை நெருங்கும்போது காலை ஒரு கணம் லேசாகத் தளர்த்துங்கள். மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் வழுக்காமல் லாக் ஆகும். அதற்குப் பிறகு வேகத்தைக் காக்கத் தேவையான அளவு மட்டும் மிதித்தால் போதும். ஈகோ பட்டன் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான்: பெடலின் துடிப்பைக் குறைக்கும், கியரைச் சீக்கிரம் மாற்றும், ஏசியைக் கொஞ்சம் அடக்கும். கால் பழகிவிட்டவர்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஏற்றம் வந்தால் வேகத்தை விடாப்பிடியாகக் காக்காதீர்கள். பெடலை இருக்கும் நிலையிலேயே வைத்து, 80-லிருந்து 70-க்கு இறங்க விடுங்கள். உச்சியைத் தாண்டியதும் இறக்கம் அதைத் திருப்பிக் கொடுக்கும். குரூஸ் கன்ட்ரோல் இதைச் செய்யாது. ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் அழுத்திப் பிடிக்கும், சில கார்களில் கியரையும் இறக்கும். தட்டையான நெடுஞ்சாலையில் அது நல்ல துணை, மேடுபள்ளச் சாலையில் அணைத்துவிடலாம்.

நெடுஞ்சாலையில் வேகத்தின் விலை

ஊருக்குள் பிரேக் என்றால் நெடுஞ்சாலையில் காற்று. டயர் உருள்வதற்கான தடை வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. 1,200 கிலோ காருக்குச் சுமார் 120 நியூட்டன். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நடுத்தரக் கார் ஒன்றுக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். 80-ல் காற்றுத் தடை 205 நியூட்டன், 100-ல் 325, 120-ல் 465. உயரமான, சதுர முகமுள்ள எஸ்யூவி என்றால் இன்னும் மேலே.

இரண்டையும் கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காரைத் தள்ளத் தேவையான விசை 100-லிருந்து 120-க்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுமை ஏறும்போது இன்ஜினின் செயல்திறன் சற்று மேம்படும் என்பதால் பெட்ரோல் அதே அளவுக்குக் கூடாது. ஆனாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் செலவை எதிர்பார்க்கலாம். 100 கி.மீ. தூரத்துக்கு இதில் மிச்சமாகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு அந்த விலைக்குத் தகுமா என்பதை ஒவ்வொரு பயணத்திலும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 90-க்கும் 100-க்கும் நடுவே நிதானமாகப் போவதுதான் பெரும்பாலான கார்களுக்கு நேரமும் செலவும் ஒத்துப்போகும் இடம் என்பது என் கருத்து. சட்டம் அனுமதிக்கும் வேகமும் மற்ற வண்டிகளின் ஓட்டமும் இதைவிட முக்கியம். வேகத் தடத்தில் 70-ல் ஊர்ந்து பின்னால் வருபவர்களைப் பிரேக் அடிக்கவைப்பது சிக்கனம் ஆகாது.

மேல் கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சாமான் ஏற்றிய கூரைப் பெட்டி நெடுஞ்சாலையில் 10 முதல் 25 விழுக்காடு வரை எரிபொருளைக் கூட்டிவிடும். காலியான கேரியர் கம்பிகூடக் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகும். சாமான் டிக்கியில் அடங்குமென்றால் கூரைமேல் ஏற்றவே வேண்டாம். டிக்கியில் மறந்துபோய்க் கிடக்கும் எடை அவ்வளவு மோசமில்லை: 45 கிலோவுக்கு ஒரு விழுக்காடு என்பது பொதுக் கணக்கு. அதனால்தான் ‘அரை டேங்க் மட்டும் போட்டால் எடை குறையும்’ என்ற யோசனை வேலைக்கு ஆகாது. 40 லிட்டர் டேங்கில் பாதியைக் குறைத்தால் குறைவது 15 கிலோ, பலன் கணக்கில் வராது. எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பெட்ரோலாலேயே குளிரூட்டப்படும் ஃப்யூயல் பம்ப் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

நின்றுகொண்டும், குளிர்ந்தும்

1.2 லிட்டர் அளவுள்ள பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 10 முதல் 13 மில்லி. ஏசி போட்டிருந்தால் ஒரு லிட்டரைத் தாண்டலாம். சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல் ஏறத்தாழப் பத்து விநாடி ஐட்லிங்குக்குச் சமம். அதற்காகப் பதினொன்றாவது விநாடியே அணைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியில்லாத காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் அப்படி அடிக்கடி இயங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் அணையுங்கள்: ரயில்வே கேட், பள்ளி வாசல், யாருக்காகவோ காத்திருப்பது. ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள காரில் அந்த வசதியை வேலை செய்ய விடுங்கள். ஆனால் பேட்டரி மாற்றும்போது அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகையையே போட வேண்டும். விலை குறைவென்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே கெட்டுவிடும்.

காலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்ஜினைச் சூடாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம். சுமையில்லாமல் நிற்கும் இன்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். அந்த நேரம் முழுக்க இசியூ தேவைக்கு மேல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். அரை நிமிடத்தில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்விடும். பிறகு கிளம்பி, வெப்பமானி நடுவுக்கு வரும்வரை 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் ஓட்டுங்கள். கியர்பாக்ஸும் வீல் பேரிங்கும் ஓடினால்தானே சூடேறும்.

குளிர்ந்த இன்ஜினின் புகையும் மோசமானது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்க 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதுவரை கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அப்படியே வெளியேறும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் மறுபடி இரண்டு கிலோமீட்டர் போவதுதான் காருக்கும் காற்றுக்கும் மிகக் கெட்ட பயணம். மூன்று சின்ன வேலைகள் இருந்தால் ஒரே சுற்றில் முடியுங்கள். முதலில் தூரமான இடத்துக்குப் போய் இன்ஜினைச் சூடாக்கி, திரும்பும் வழியில் மற்றவற்றைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குக் காரை எடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

ஏசிக்கு வருவோம். வெயிலில் நின்ற காரின் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், சூட்டுக்காற்று வெளியேறட்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்சுற்றில் போடுங்கள். ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பதால் கம்ப்ரசருக்குச் சுமை குறையும். நீண்ட பயணத்தில் அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றையும் விட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்காற்று தேங்கித் தூக்கம் தள்ளும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்குவது சிக்கனம். வேகம் ஏற ஏற, திறந்த கண்ணாடி உண்டாக்கும் காற்றுத் தடையும் ஏறும். நெடுஞ்சாலையில் ஏசிக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது, சத்தமாவது மிஞ்சும்.

சக்கரத்தில் ஒளிந்திருக்கும் இழப்பு

டயர் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 விழுக்காடு போல இறங்கும். எட்டு பி.எஸ்.ஐ. குறைந்தாலும் ஒன்றரை விழுக்காடுதான். ஆனால் காற்று குறைந்த டயர் ஓரத்தில் தேயும், சூடேறும், வேகத்தில் வெடிக்கும். ஆகவே பெட்ரோலைவிட டயருக்காகவும் உயிருக்காகவும் இதைப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ. தானாகவே குறையும். அதனால் மாதம் இருமுறை பார்த்தால் போதும்.

பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதுவரை அடிக்கக் கூடாது. கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். ஓடிவந்த டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடும். முழுக் குடும்பமும் சாமானும் ஏறினால் அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு வேறு எண் இருக்கும், பின் டயருக்குப் பெரும்பாலும் கூடுதலாக. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல கார்களில் அழுத்தம் கால்வாசி குறைந்த பிறகே அது எரியும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

டயர் மாற்றும் நேரம் வந்தால் அகலமான டயருக்கும் பெரிய வீலுக்கும் ஆசைப்படாமல் கம்பெனி அளவிலேயே வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் டயர்களில் 2021 முதல் எரிபொருள் சிக்கனத்தை ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகக் குறிக்கிறார்கள். அந்த லேபிளிலேயே ஈரச்சாலைப் பிடிப்புக்கும் தனி மதிப்பீடு இருக்கும். பிடிப்பில் மோசமான டயரைச் சிக்கனத்துக்காக வாங்காதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது, பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடுவது. ஓட்டுபவருக்குத் தெரியாது; மைலேஜ் மட்டும் மெல்ல இறங்கும். கண்டுபிடிப்பது எளிது. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடவில்லை. அல்லது ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தம் இருக்கலாம், ஆனால் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

காரணங்கள் வழக்கமாக இவைதான். பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் சறுக்கும் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும். பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்து, நீர் போய்த் துரு ஏறியிருக்கும். ஹேண்ட்பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருக்கும். டிரம்மில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பழைய காரில் ரப்பர் பிரேக் ஹோஸின் உட்புறம் வீங்கி, போன எண்ணெய் திரும்பாமல் அடைத்திருக்கும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து சிலிகான் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் இந்த பின்களுக்கும் கிரீஸ் போட்டீர்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

வீல் அலைன்மென்டில் டோ, அதாவது சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணம், தவறியிருந்தால் சக்கரங்கள் உருள்வதோடு சற்றுப் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டும் போகும். டயர் பட்டனின் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மழுங்கியும் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

பானட்டுக்குள்

இன்ஜெக்‌ஷன் காரில் ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் இசியூ பெட்ரோல் விடுகிறது. பிக்கப் குறையும், அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டியில் மட்டுமே ஃபில்டர் நேரடியாகப் பெட்ரோலைக் கூட்டும். எனவே ஃபில்டரைக் குறித்த நேரத்தில் மாற்றுங்கள், ஆனால் அதிலிருந்து மைலேஜை எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையில் பெட்ரோலைத் தின்பவை வேறு. முதலாவது, திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. கூலன்ட் எப்போதும் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டிருப்பதால் இன்ஜின் சூடேறாது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து இசியூ கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் கீழே இறங்குவது இதன் அடையாளம். இன்ஜின் சூடேறுகிறதென்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அப்படிச் செய்திருந்தால் சூடேறிய உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, புதிய தெர்மோஸ்டாட் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தளர்ந்துபோன ஆக்சிஜன் சென்சார். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து இசியூவுக்குச் சொல்வது இதன் வேலை. பல கார்களில் முன் சென்சாரின் வோல்டேஜ் சூடான இன்ஜினில் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். வயதான சென்சார் சோம்பிப்போய் மெதுவாக மாறும், அல்லது ஒரே இடத்தில் நிற்கும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழைந்து சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இசியூ கூட்டிவிடும். அப்போது சென்சாரை மாற்றுவது வீண்செலவு.

இதையெல்லாம் கண்டுபிடிக்க, காரின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, கைபேசியில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, கூலன்ட் வெப்பம்: கால் மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் 75 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டு, லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது இசியூ வழக்கமான அளவிலிருந்து பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடும் விகிதம்: கூட்டல் கழித்தல் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது, 10-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. கூட்டலில் அதிகமானால் வாக்குவம் ஹோஸில் கசிவு, அழுக்கேறிய காற்றோட்ட சென்சார், பலவீனமான ஃப்யூயல் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். கழித்தலில் அதிகமானால் ஒழுகும் இன்ஜெக்டர், அல்லது மூடாமல் நிற்கும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுவது). செக் இன்ஜின் விளக்கு எரியும் முன்பே இந்த எண் சொல்லிவிடும் என்பதால், சர்வீஸுக்குப் போகும்முன் இதைக் குறித்துக்கொண்டு போவது மிகவும் உதவும்.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் மிஸ் ஆனால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்ளிருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு செலவு.

ஆயிலில் கையேடு சொல்லும் தடிமன் முக்கியம். மெல்லிய 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒவ்வொரு சுற்றும் கனக்கும். சரியான ஆயிலால் ஒன்றிரண்டு விழுக்காடு மிச்சமாகும். அதைவிட மெல்லியதாகப் போட்டால் இன்னும் மிச்சமாகும் என்று நினைத்துவிடாதீர்கள், பேரிங் தேயும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு.

கடைசியாக, பணத்தைச் செலவழிக்கக் கூடாதவை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, ஓபிடி சாக்கெட்டில் விளக்கு மின்னும் ‘சேவர்’. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது. மிகச் சிலவற்றில் மட்டும் அற்பப் பலன், மற்றவற்றில் ஒன்றுமில்லை. கையேடு கேட்காத காரில் அதிக ஆக்டேன் பெட்ரோல் போடுவதும் அப்படித்தான். ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன், கூடுதல் ஆற்றல் அல்ல. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 10 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு 3 விழுக்காடும், 20 கலந்ததற்கு 6, 7 விழுக்காடும் மைலேஜ் இறங்குவது இயல்பு. அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

அளப்பது எப்படி

டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் பல கார்களில் உள்ளதைவிடச் சற்று நன்றாகவே காட்டும். டேங்க்-டு-டேங்க் கணக்குதான் நம்பத்தக்கது. ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், கார் அதே திசையில் நிற்கட்டும். முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றினால் கணக்கும் பிசகும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிக் கேனிஸ்டருக்குள் திரவம் போய் அதுவும் பாழாகும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்று டேங்கின் சராசரியைப் பாருங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் தூரமே தவறாகக் காட்டும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றும் எழுதிவையுங்கள். 10-லிருந்து 12-க்கு ஏறிய காரும் 20-லிருந்து 22-க்கு ஏறிய காரும் ஒரே அளவு முன்னேறியதாகத் தோன்றும். முதலாவது 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சப்படுத்துகிறது, இரண்டாவது 0.45 லிட்டர்தான். வீட்டில் இரண்டு கார் இருந்தால் அதிகம் குடிக்கும் காரைச் சரிசெய்வதிலும், அதைக் குறைவாக எடுப்பதிலும்தான் பணம் இருக்கிறது.

குறித்துவைத்த எண்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். ஒரு டேங்கில் மட்டும் சரிந்து அடுத்ததில் மீண்டிருந்தால் நெரிசலோ நிரப்பியதில் வித்தியாசமோதான் காரணம், விட்டுவிடலாம். திடீரென்று இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் ஸ்கேனரைச் செருகி டிரிம் எண்ணையும் கூலன்ட் வெப்பத்தையும் பாருங்கள். அதற்குச் சற்றுமுன் நடந்த சர்வீஸில் எந்த ஆயில் ஊற்றினார்கள், எந்த டயர் மாற்றினார்கள் என்றும் பில்லை எடுத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் காற்றழுத்தத்தில் தொடங்கி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் பார்த்துவிட்டு, பிறகு ஆக்சிஜன் சென்சாருக்கு வாருங்கள்.